கடலாடியில் ஆசிரியர் வேலை கிடைச்சிருக்கு. "தண்ணியில்லாக் காடு"ன்னு பயமுறுத்தறாங்க. ராமநாதபுரம் மாவட்டத்தைப் பத்தித் தெரிஞ்சவங்க சொல்லுங்க

காவிரிக்கரைப் பொண்ணு | ஆகஸ்ட், வெள்ளி இரவு

எல்லாருக்கும் வணக்கம். கவுன்சலிங்ல எனக்குக் கடலாடி ஒன்றியத்துல ஒரு நடுநிலைப் பள்ளி கிடைச்சிருக்கு. எங்க ஊர் திருவையாறு பக்கம். ஆர்டர் வாங்கிட்டு வந்த நாள்லேர்ந்து துக்கம் விசாரிக்கற மாதிரி ஆள் வந்துட்டே இருக்காங்க. "தப்பு பண்ணினவனைத்தான் அங்க தூக்கி அடிப்பாங்க, நீ என்னடி பண்ணின?"ன்னு சித்தப்பா கேக்கறார். அம்மா தண்ணிக் கேன் எத்தனை வாங்கணும்னு கணக்குப் போட ஆரம்பிச்சுட்டாங்க.

தாத்தா மட்டும் வேற மாதிரி சொன்னார். "அறுப்பு முடிஞ்சா நம்ம வயல்ல கிடை போட வருவானே கீதாரி, அவன் ஊருடி அது. ராத்திரி பூரா ஆட்டோட படுத்திருந்துட்டு விடிஞ்சா ஒரு செம்பு மோர் மட்டும் கேப்பான். பயப்படாம போ"ன்னார்.

போகறதுன்னு முடிவு பண்ணிட்டேன். அந்த மண்ணைப் பத்தி ஒண்ணும் தெரியாம போய் நிக்கக் கூடாதுன்னு தோணுது. எப்பவுமே வறண்ட பூமிதானா? என் வகுப்புல உக்காரப்போற பசங்க எந்த மாதிரி வீட்லேர்ந்து வருவாங்க?

---

கலுங்கடி | சனி காலை

வாங்க தாயி. நான் முதுகுளத்தூர் பக்கம். முப்பத்து மூணு வருசம் வரலாறு வாத்தியாரா இருந்து ஓய்வு வாங்கினவன். உங்க கேள்வியைப் பாத்ததும் மனசு நெறைஞ்சு போச்சு. பயந்துக்கிட்டே வந்து, பயந்துக்கிட்டே மாறுதல் வாங்கிப் போனவங்களைத்தான் நான் அதிகம் பாத்திருக்கேன்.

முதல்ல அந்தத் "தண்ணியில்லாக் காடு" பேச்சு. ராமநாதபுரத்துல வருசத்துக்குச் சராசரியா 800 மில்லிமீட்டருக்கு மேல மழை பெய்யுது. கோயம்புத்தூர்ச் சராசரியை விட இது கூட. ஆனா அந்த மழையில பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில ஒரு நாப்பது அம்பது நாளைக்குள்ள கொட்டித் தீந்துரும். எங்க பூமி தட்டை. மலை கிடையாது, அணை கட்டத் தோது கிடையாது. மேற்கே இருந்து கிழக்கே லேசான சரிவு, அந்தப் பக்கம் கடல். பெய்ஞ்ச தண்ணி நிக்காது, ஓடிரும்.

அதனாலதான் எங்க முன்னோர் கண்மாய் வெட்டினாங்க. சரிவுக்குக் குறுக்கே பிறை மாதிரி மண்கரை. வயலுக்குத் தண்ணி விட மடை. நெறைஞ்சா மிச்சம் போகக் கலுங்கு. இந்தக் கண்மாயோட மறுகால் தண்ணி அடுத்த கண்மாய்க்கு வரத்து. இப்படி ஆயிரத்துக்கும் மேல, ஒண்ணுக்குக் கீழே ஒண்ணு, கடல் வரைக்கும். வைகையே கடைசியில ராமநாதபுரம் பெரிய கண்மாய்லதான் வந்து அடங்குது. பஸ்ஸுல வரும்போது ஊர்ப் பலகைகளைப் படிச்சுக்கிட்டே வாங்க. ஏந்தல்னு முடியும், குளம்னு முடியும், ஊருணின்னு முடியும். தண்ணியைச் சேத்து வைக்கிறதைத் தவிர வேற பேரே எங்காளுகளுக்குத் தோணலை.

இந்தச் சீமை சேதுபதி ராஜாக்கள் கையில இருந்தது. போகலூர்ல இருந்து தலைநகரை ராமநாதபுரத்துக்கு மாத்தினவர் கிழவன் சேதுபதி. அப்புறம் கும்பெனி வந்துச்சு. 1795-ல முத்துராமலிங்க சேதுபதியைப் பிடிச்சு அடைச்சாங்க, அவர் 1809-ல சென்னையில சிறையிலேயே செத்தார். 1803-ல சேது நாடு ஜமீனாச்சு. அதுக்குப் பிறகு இது கும்பெனிக்குப் பேஷ்குஷ், அதாவது கப்பம் கட்டுற பூமிதான். மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்கள்ல இருந்து பிரிச்சு 1910-ல ராமநாதபுரம் ஜில்லாவை உண்டாக்கினாங்க. 1985-ல அதையும் மூணாக்கினாங்க. சிவகங்கை, விருதுநகர் தனியாப் போச்சு. மிஞ்சினதுதான் இன்னைக்கு இருக்கிற மாவட்டம். 2011 கணக்குப்படி பதிமூணரை லட்சம் சனம்.

ஒரு விசயம் என்னை இன்னும் உறுத்தும். மேற்கே ஓடுற பெரியாத்துத் தண்ணியைக் கிழக்கே திருப்பலாமான்னு முதல்ல யோசிச்சது எங்க சீமைதான். சேதுபதியோட பிரதானி (மந்திரி) முத்திருளப்ப பிள்ளை 1789 வாக்குல மலைக்கு ஆள் அனுப்பிப் பாத்தார். முடியும்னு தெரிஞ்சும் காசில்லாம நின்னுபோச்சு. நூறு வருசம் கழிச்சு 1895-ல பென்னிகுயிக் பெரியாறு அணையைக் கட்டி முடிச்சார். தண்ணி மதுரைச் சீமையை நனைச்சுச்சு. நாங்க கடைமடை.

சின்ன வயசுல ஒரு ராத்திரி. எனக்கு எட்டு வயசிருக்கும். மூணு நாளா அடைமழை. எங்க அய்யா அரிக்கேன் லாந்தரோட கண்மாய்க்கரையில நிக்கிறார், நான் சாக்கைக் கொங்காணி போட்டுக்கிட்டுப் பின்னாடி. கலுங்குல தண்ணி விழுற சத்தத்தை வச்சே "இன்னும் ரெண்டு விரக்கடை ஏறும்"னு சொல்றார். கொஞ்ச நேரத்துல தப்பு அடிக்கிற சத்தம். நடுக்கரையில உடைப்பு. வீட்டுக்கு ஒரு ஆள் மம்பட்டி, கூடை, வைக்கோலோட ஓடி வர்றாங்க. விடிய விடிய மண் போட்டு, முள்ளை வெட்டிப் போட்டு, கரையைக் காப்பாத்திட்டாங்க. அந்த வருசம் எங்க வீட்டுக் குதிர் நெறைஞ்சுச்சு.

குடிமராமத்துன்னு அதுக்குப் பேரு. ஊரே சேந்து செய்யுற வேலை. அது அத்துப்போன பிறகுதான் கண்மாய் மேடு தட்டுச்சு, எங்க மாவட்டமும் காய்ஞ்சுது. இது காட்டுக்குப் பொறந்த பூமி இல்லை தாயி. கைவிட்டதால காடாச்சு.

---

மதகு_கணக்கு | சனி மதியம்

நீர்வளத்துறையில் பணி செய்து ஓய்வு பெற்றவன். கலுங்கடி சார் சொன்னதில் பெரும்பகுதி சரி. சிலவற்றை மட்டும் சேர்க்கிறேன்.

குடிமராமத்து ஊரே மனமுவந்து செய்த வேலை என்று மட்டும் சொல்ல முடியாது. வராதவர்களை வரவைக்க 1858-லேயே சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் போட்டார்கள். அப்போதே அது நலிந்து விட்டது என்றுதான் அர்த்தம். 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தபின் நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசன நிலம்) உள்ள கண்மாய்கள் பொதுப்பணித்துறைக்கும் சிறியவை ஊராட்சி ஒன்றியங்களுக்கும் போயின. ஒரே வரத்துக்காலில் மேலே உள்ள கண்மாய் ஒரு துறை, கீழே உள்ளது இன்னொரு துறை. நடுவில் இருக்கும் ஓடை வருவாய்த் துறை புறம்போக்கு. இது எப்படி ஒழுங்காக நடக்கும்? 2017-ல் குடிமராமத்து என்ற பெயரில் அரசே திட்டம் கொண்டுவந்தது. கரையைப் பலப்படுத்திய அளவுக்கு வரத்துக்கால்களைத் திறக்கவில்லை என்பது என் ஆதங்கம். வாய்க்கால் அடைபட்ட கண்மாயை எவ்வளவு ஆழமாகத் தோண்டினாலும் அது வெறும் பள்ளம்தான்.

டீச்சருக்கு ஒன்று: உங்கள் ஊரில் நாற்றங்கால் விட்டு நடுவார்கள். இங்கே பெரும்பாலும் புழுதி உழவு. புரட்டாசியில் காய்ந்த மண்ணிலேயே நெல்லை விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். மழையில் முளைத்து, மழையிலேயே வளர்ந்து, தை மாதம் பால் பிடிக்கும் நேரத்தில்தான் கண்மாய்த் தண்ணீர் வேண்டும். அந்தக் கடைசி ஒரு தண்ணீர் இல்லாவிட்டால் கதிர் முழுக்கச் சாவி, வெறும் பதர். நூறு நாள் பாடு அந்த ஒரு வாரத்தில் போய்விடும். அப்படிப் போன வருடங்களில் பிள்ளைகள் வகுப்பிலிருந்து காணாமல் போவதைப் பார்ப்பீர்கள். தகப்பன் வேலை தேடிப் போன ஊருக்குக் குடும்பமே கிளம்பியிருக்கும்.

---

தெற்குத்தெரு | சனி இரவு

கலுங்கடி ஐயா எழுதினதைப் படிச்சேன். நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா அந்த ராத்திரியில தப்பு அடிச்சது யாருன்னு எழுதலை. உடைப்புக்குள்ள முதல்ல இறங்கினது யாருன்னும் எழுதலை. எங்க பாட்டனார் மடைவேலை பாத்தவர். கண்மாய் நெறைஞ்சிருக்கும்போது மூச்சைப் பிடிச்சுக்கிட்டு முங்கிப் போய் மடைக்கட்டையைத் தூக்கணும். சேறும் சுழலும் இழுக்கும். மேல வந்தா உண்டு. அவருக்குக் கூலி அறுப்புல ஒரு பங்கு நெல்லு. அவர் திறந்து விட்ட தண்ணி பாயுற வயல்ல ஒரு சென்ட் அவர் பேர்ல கிடையாது.

"ஊரே சேந்து" என்கிற வார்த்தையை நான் அவ்வளவு லேசா எடுத்துக்க முடியலை. ஊர்ல ஊருணி ரெண்டு இருந்துச்சு. ஒண்ணுல எங்க ஆளுக இறங்கக் கூடாது.

டீச்சர் வரலாறு கேட்டதால சொல்றேன். 1930 டிசம்பர்ல அன்றைய ராமநாதபுரம் ஜில்லாவுல ஆதிக்க சாதி நாட்டார்கள் கூடி ஆதிதிராவிடர் மேல எட்டுத் தடை போட்டாங்க. ஆம்பளை முழங்காலுக்குக் கீழ வேட்டி கட்டக்கூடாது. பொம்பளை மேல்துணி போடக்கூடாது. தங்கம், வெள்ளி ஆகாது. குடை பிடிக்கக்கூடாது, செருப்பு போடக்கூடாது. அடுத்த வருசம் இன்னும் சேத்தாங்க, அதுல ஒண்ணு பிள்ளைகளைப் படிக்க வைக்கக்கூடாதுங்கிறது. மீறினவங்க குடிசை எரிஞ்சுது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் தலைமை வகிச்ச ஹட்டனே இதைப் பதிவு பண்ணியிருக்கார்.

அப்புறம் 1957. செப்டம்பர் 11-ஆம் தேதி பரமக்குடியில எங்க மக்களோட தலைவர் இமானுவேல் சேகரனாரை வெட்டிக் கொன்னாங்க. முதுகுளத்தூர்க் கலவரம்னு புத்தகத்துல இருக்கும். எங்களுக்கு அது புத்தகம் இல்லை, எங்க அம்மாச்சி புகைஞ்ச வீட்டுல இருந்து ஒரு அண்டாவை மட்டும் தூக்கிக்கிட்டு ஓடின கதை. 2011-ல அதே நாள், அதே பரமக்குடியில துப்பாக்கிச் சூடு, திரும்பவும் சாவு.

டீச்சர், உங்க வகுப்புல எந்தப் பிள்ளை எங்க உக்காருதுன்னு மொத வாரமே கவனிங்க. அதுகளா உக்காந்தா எப்படி உக்காருதுன்னு பாருங்க. பிறகு நீங்க மாத்தி உக்கார வைங்க. எங்க அய்யாவுக்கு ஒரு வாத்தியார் அப்படிச் செஞ்சார். அதனாலதான் நான் இன்னைக்கு இதைத் தட்டச்சு பண்ணிக்கிட்டு இருக்கேன்.

---

*[ஒரு பதிவு நீக்கப்பட்டது. சாதிப் பெயர் சொல்லித் திட்டும் பதிவுகளுக்கு இங்கே இடமில்லை. மற்றவர்கள் தொடரலாம். – நெறியாளர்]*

---

கலுங்கடி | ஞாயிறு காலை

தெற்குத்தெரு தம்பிக்கு. நேத்து ராத்திரி உங்க பதிவைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் தூக்கம் வரலை. நீங்க சொன்னது அத்தனையும் உண்மை. நான் எழுதாம விட்டது தப்பு.

எங்கூட மூணாங்கிளாஸ் படிச்சவன் ஒருத்தன். மத்தியானம் ஊருணிக்குப் போவோம். நான் படியில இறங்கிக் குடிப்பேன். அவன் கரையில கையைக் குவிச்சுக்கிட்டு நிப்பான், நான் கொண்டாந்து ஊத்துவேன். ஊத்தினேன்னு அப்ப பெருமையா இருந்துச்சு. ஏன் இவன் இறங்கலைன்னு ஒரு நாளும் நான் யாரையும் கேக்கலை. எழுபது வயசுல இதை எழுதுறேன்.

எங்க பக்கத்தையும் சொல்றேன், எதையும் நியாயப்படுத்த இல்லை. எங்க தாத்தா ரேகைச் சட்டத்துல இருந்தவர். குற்றப் பரம்பரைன்னு முத்திரை குத்தி, கைரேகை வாங்கி வச்சிருந்தாங்க. ராத்திரி ஸ்டேஷனுக்குப் போய்ப் படுக்கணும், வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்கணும். சென்னை மாகாணத்துல 1947-லதான் அந்தச் சட்டம் போச்சு. கீழத்தூவல்ல 1957 செப்டம்பர்ல அஞ்சு பேரைப் போலீஸ் சுட்டதும் இதே மண்ணுலதான். அவமானப்பட்டவன் கீழே இருக்கிறவனை மிதிச்சான். ரெண்டு தெருவும் ஒண்ணா நின்னு வரத்துக்காலைக் கேட்டிருக்கணும்.

டீச்சர், செப்டம்பர் 11 இமானுவேல் சேகரனார் நினைவு நாள், அக்டோபர் 30 தேவர் குருபூசை, ரெண்டையும் ஒட்டி மாவட்டத்துல தடையுத்தரவு போடுவாங்க. செக்போஸ்ட், வண்டிச் சோதனை, பஸ் சுத்திப் போகும். சரியா எங்க விதைப்புக் காலம் அது. அந்த நாள்ல பிள்ளைகள் வராட்டி வருகைப் பதிவைப் பாத்துக் கோவிச்சுக்காதீங்க.

---

கரிமூட்டம் | ஞாயிறு மதியம்

வணக்கம் டீச்சர். நான் கமுதி பக்கம், இப்ப நர்ஸா வேலை பாக்குறேன். உங்ககிட்ட வரப்போற பிள்ளை மாதிரிதான் நானும் இருந்தேன்.

கண்மாயெல்லாம் சீமைக்கருவ மண்டினதைப் பத்தி எல்லாரும் திட்டுவாங்க. 1950, 60-கள்ல விறகுக்காகப் பரப்பின மரம். வேரு ஆழமாப் போய்த் தண்ணியை உறிஞ்சுதுன்னு 2017-ல ஹைகோர்ட்டே வெட்டச் சொல்லுச்சு. எல்லாம் சரிதான். ஆனா வெள்ளாமை போன எங்க வீட்டுல அடுப்பு எரிஞ்சது அந்தக் கருவயால. எங்க அப்பாவும் அம்மாவும் காடு குத்தகைக்கு எடுத்தவங்ககிட்ட மூட்டம் போடுற வேலைக்குப் போவாங்க.

மூட்டம் எப்படிப் போடுவாங்கன்னு சொல்றேன். முள்ளை அரக்கி, கட்டையைத் துண்டு போட்டு, கூம்பா நிறுத்தி அடுக்குவாங்க. மேல தழை, கூளம், அதுக்கு மேல ஈரமண் பூசி அடைச்சு, ஒரு ஓட்டை வழியாத் தீயை உள்ள விடுவாங்க. ஒரு வாரம் கிட்ட உள்ளுக்குள்ளயே கனியணும். தீ மேல வந்துட்டா அம்புட்டும் சாம்பல். அதனால ராத்திரி மாத்தி மாத்தி முழிச்சிருந்து, வெடிச்ச எடத்துல மண்ணை அப்பணும். மொதல்ல வெள்ளைப் புகை கட்டியா வரும். அது மெலிஞ்சு நீலமா மாறினா வெந்துருச்சுன்னு அர்த்தம். எங்கம்மா இருட்டுலயே புகை வாடையை வச்சுச் சொல்லும். இப்பவும் அதுக்கு இருமல் நிக்கலை. நர்ஸா இருந்தும் என்னால அதை ஒண்ணும் பண்ண முடியலை.

டீச்சர், மூட்டம் பிரிக்கிற நாள்ல வர்ற பிள்ளைக்கு நகக்கண்ணுல கரி இருக்கும். எம்புட்டுத் தேச்சாலும் போகாது. "கையைக் கழுவிட்டு வரமாட்டியா"ன்னு வகுப்புல எந்திரிக்கச் சொல்லி என்னைக் கேட்டாங்க ஒரு தடவை. அதுக்கப்புறம் ரெண்டு மாசம் நான் பள்ளிக்கூடம் போகலை. தயவு செஞ்சு அதை மட்டும் கேக்காதீங்க.

தண்ணி விசயம். உங்க அம்மாகிட்ட சொல்லுங்க, கேன் கிடைக்கும். நாங்க ஊத்துத் தோண்டி சிரட்டையில மோந்து குடம் நெறைச்ச காலம் உண்டு. அப்புறம் தள்ளுவண்டி வந்துச்சு. நாலு குடம், ஆறு குடம் வைக்கிற மாதிரி ஓட்டை போட்ட இரும்பு வண்டி. இந்தப் பக்கம் சீர்வரிசைக்குக் கூட அதைக் குடுப்பாங்க. இப்பக் குழாயில காவிரித் தண்ணி வருது, திருச்சிப் பக்கத்துல எடுத்து அனுப்புறாங்க. உங்க ஆத்துத் தண்ணிதான் எங்க ஊருக்கு வருது. ஆனா கடைசி ஊருகளுக்கு அது என்னைக்கு வரும்னு பொம்பளைகதான் காத்துக் கிடக்கணும். தண்ணி வர்ற அன்னைக்குப் பொம்பளைப் பிள்ளை லேட்டா வந்தா, காரணம் அதுதான்.

---

கீழக்கரை காக்கா | ஞாயிறு இரவு (தோஹாவிலிருந்து)

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். எல்லாரும் கண்மாயையே பேசுறீங்க, எங்க கடல் பக்கமும் இந்த மாவட்டம்தானே. வள்ளல் சீதக்காதி பொறந்த ஊர் எங்க ஊர். கிழவன் சேதுபதிக்கு உற்ற தோழர். கப்பல், முத்து, சங்குன்னு செழிச்ச துறைமுகம். எங்க பழைய ஜும்மா பள்ளிவாசலுக்கு வந்து பாருங்க, கருங்கல் தூண்ல அப்படியே கோயில் தச்சன் கைவேலை.

இந்த மாவட்டத்துல இருந்து வெளிய போறது இன்னைக்கு நேத்துக் கதையில்லை. பஞ்சம் வந்த போதெல்லாம் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிற கங்காணி பின்னால சனம் தொண்டி, தேவிபட்டினம், பாம்பன் வழியாத் தோணி ஏறி மன்னார்ல இறங்கி, காட்டு வழியா நடந்தே கண்டிச் சீமைத் தோட்டத்துக்குப் போச்சு. வழியிலேயே செத்தவங்களுக்குக் கணக்கில்லை. அப்புறம் மண்டபத்துல இலங்கை அரசாங்கமே காம்ப் வச்சுச் சோதனை பண்ணி ஆள் ஏத்துச்சு. 1964 சிரிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு அதே சனத்தோட பேரப்பிள்ளைங்க ராமேஸ்வரத்துல வந்து இறங்குனாங்க. 83 இலங்கைக் கலவரத்துக்குப் பிறகு அந்த மண்டபமே அகதி முகாம். போன கரையிலேயே திரும்பி வந்து இறங்குன துக்கம் வேற எந்த மாவட்டத்துக்கும் இப்படி வாய்க்கலை.

இப்ப நாங்க வளைகுடா. எங்க ரூம்ல ஆறு பேர். ரெண்டு பேர் முதுகுளத்தூர், ஒருத்தர் ஆர்.எஸ்.மங்கலம், மிளகாய் போட்டுக் கடனாகி வந்தவர். நம்ம முண்டு வத்தலுக்கு 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சப்ப ரூமுக்கே பிரியாணி வாங்கிக் குடுத்தார். டீச்சர், உங்க வகுப்புல வாப்பா முகத்தை போன்ல மட்டும் பாத்து வளர்ற பிள்ளை நாலாவது இருக்கும். என் மகளும் அப்படித்தான்.

---

மரிக்கொழுந்து | திங்கள்

பாம்பன் தீவு. சுருக்கமா எழுதுறேன், நாளைக்குக் கடல்.

எங்க ஊர்ப் பொம்பளைங்க கடல்பாசி எடுக்கிறவங்க. பேண்டு சட்டை போட்டு, சேலையை மேல இறுக்கிக் கட்டி, விரல்ல துணி சுத்திக்கிட்டு, கண்ணாடி மாட்டி முங்குவோம். பாறை அறுத்துட்டா உப்புத்தண்ணியில காயம் ஆற ஒரு மாசம். 1986-ல 21 தீவையும் தேசியப் பூங்கான்னு சொல்லிட்டாங்க. எங்க பாட்டி காலத்துல இருந்து போன தீவுக்கு இப்பப் போனா கேசு. நாங்களே மாசத்துல நாள் குறைச்சு, கையால மட்டும் எடுக்குறதுன்னு கட்டுப்பாடு வச்சுக்கிட்டோம், பாசி அழியக் கூடாதுன்னு. சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்கு 2015-ல அமெரிக்காவுல சீகாலஜி விருது குடுத்தாங்க. அவங்களும் எங்களை மாதிரி முங்குறவங்கதான்.

2018-ல மத்திய அரசு பின்தங்கின மாவட்டம்னு எடுத்த பட்டியல்ல தமிழ்நாட்டுல ரெண்டு, எங்க மாவட்டமும் விருதுநகரும். பேரை முன்னேற விழையும் மாவட்டம்னு அழகா மாத்தியிருக்காங்க. என் மக பத்தாவதுல நானூத்தி இருபது. காலேஜுக்கு ஒரு பஸ் நேரத்துக்கு வந்தா எனக்குப் போதும்.

---

காவிரிக்கரைப் பொண்ணு | அக்டோபர், ஞாயிறு

எல்லாருக்கும் நன்றி. இத்தனை நாள் எழுதாததுக்கு மன்னிச்சுக்கோங்க. சேந்து அஞ்சு வாரம் ஆகுது. சாயல்குடியில வீடு. வீட்டுக்காரம்மா வந்த அன்னைக்கே ஒரு குடம் தண்ணியைக் கொண்டாந்து வாசல்ல வச்சுட்டு, "இது உங்க ஊருத் தண்ணிதான், தைரியமாக் குடிங்க"ன்னாங்க. அதை அம்மாவுக்கு போன்ல சொன்னேன். அம்மா அழுதுட்டாங்க.

தெற்குத்தெரு அண்ணா, நீங்க சொன்ன மாதிரியே உக்காந்திருந்தாங்க. ரெண்டாவது வாரம் மாத்தினேன். மறுநாள் ஒரு பாட்டி பள்ளிக்கூடத்துக்கே வந்துட்டாங்க. தலைமை ஆசிரியர் எனக்காக நின்னார். பாட்டி பேசாம போயிட்டாங்க, பேத்தி இன்னும் அதே இடத்துலதான் உக்காந்திருக்கா.

கரிமூட்டம் அக்கா, நகத்தைப் பாத்தேன். கேக்கலை.

போன வாரம் அஞ்சாம் வகுப்புல அவங்கவங்க ஊரை வரையச் சொன்னேன். ஒரு பையன் கண்மாயை முதல்ல வரைஞ்சான். கரை, ரெண்டு மடை, தெக்கால கலுங்கு, அங்கேர்ந்து அடுத்த ஊருக்குப் போற ஓடை, எல்லாம் சரியா இருந்தது. ஆனா உள்ள பூரா பச்சை அடிச்சிருந்தான். தண்ணிக்கு நீலம் அடிக்கணும்னு தெரியாதான்னு கேட்டேன். "உள்ள கருவதானே டீச்சர் இருக்கு"ன்னான்.

கலுங்கடி ஐயா, மேலச்செல்வனூர் கண்மாய்க்குப் பறவை வருமாமே. பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கேன். எந்த மாசம் சரியா இருக்கும்?

---

கலுங்கடி | ஞாயிறு இரவு

கார்த்திகை கடைசியில போங்க தாயி. மழை பெய்ஞ்சிருந்தா நாரையும் கூழைக்கடாவும் மரமெல்லாம் கூடு கட்டியிருக்கும். காலையில ஏழு மணிக்குள்ள கரையில இருக்கணும். போறதுக்கு முந்தின நாள் சொல்லுங்க, நானும் வர்றேன். தெற்குத்தெரு தம்பி ஊர்ல இருந்தா அவரும் வரட்டும். மடையில இறங்கித் திறக்கிற விதத்தைப் பிள்ளைகளுக்கு அவர்தான் சொல்லணும்.

---

தெற்குத்தெரு | ஞாயிறு இரவு

வர்றேன்யா. எங்க பாட்டனாரோட மடைக்கட்டை இன்னும் வீட்டுப் பரண்ல கிடக்கு. எடுத்தாறேன்.